சைக்கிள் பாதையை எடுத்துவிட்டால் நெரிசல் தீர்ந்துவிடுமா?

கனடாவில் சொந்தபந்தம் உள்ள குடும்பங்கள் நம் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் உண்டு. அவர்களுக்கு டொராண்டோ செய்திகள் உடனுக்குடன் வந்துவிடும். அப்படி வந்த செய்திகளில் ஒன்று இங்கே பலருக்குப் பிடிபடவே இல்லை. பெரிய சாலைகளில் போட்டிருந்த சைக்கிள் பாதைகளைப் பெயர்ப்பதற்கு ஒரு சட்டம், அந்தச் சட்டத்தை எதிர்த்து ஒரு வழக்கு, அந்த வழக்கில் உயிர்வாழும் உரிமையைப் பற்றி ஒரு தீர்ப்பு. சைக்கிளுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்காதவர்கள் குறைவு.

இந்தச் சண்டை எதைப் பற்றியது என்று அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை சைக்கிள் பாதை என்று பலகை வைத்த பாதை எதுவும் கிடையாது. ஆனாலும் இதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

முதலில் அந்தப் பாதை என்ன என்று பார்த்துவிடலாம். சாலையின் அகலத்தில் ஒரு துண்டைச் சைக்கிளுக்கென்று ஒதுக்கிவைப்பதுதான் சைக்கிள் பாதை. ஒதுக்குவதில் தரம் உண்டு. ஆகக் கீழானது, தாரின் மேல் ஒரு வெள்ளைக்கோடு இழுத்து, உள்ளே ஒரு சைக்கிள் படம் வரைந்துவிட்டுப் போவது. பெயிண்ட் எந்த லாரியையும் தடுத்ததில்லை. அதைவிடக் கொஞ்சம் மேலானது, கோட்டுக்கும் வண்டிகளுக்கும் நடுவே அரை மீட்டரோ ஒரு மீட்டரோ வெற்றிடம் விட்டு அதில் சாய்கோடுகள் போடுவது. உருப்படியானது மூன்றாவது வகை. அதில் சைக்கிளுக்கும் காருக்கும் நடுவே கான்கிரீட் விளிம்போ, வளையும் குத்துக்கம்புகளோ, சிமெண்ட் தொட்டிகளோ, சில ஊர்களில் வரிசையாக நிறுத்திய கார்களோ நிற்கும். எட்டு வயதுப் பிள்ளையையும் எழுபது வயதுப் பாட்டியையும் நம்பி அனுப்பக்கூடிய பாதை இந்த மூன்றாவது வகைதான்.

சண்டையும் பெரும்பாலும் இந்த வகையைச் சுற்றித்தான் நடக்கும். வெறும் கோடு யாருடைய இடத்தையும் பிடுங்குவதில்லை. அதன்மேல் கார் ஏறி நிற்கும், கதை முடிந்துவிடும். தடுப்பு வைத்த பாதை அப்படியல்ல. நேற்றுவரை கார் ஓடிய தடம் ஒன்று இன்று காருக்கு இல்லாமல் போகிறது. இழந்தவருக்குக் கோபம் வருவது இயல்பு.

அகலக் கணக்கு கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நெடுஞ்சாலைகளில் ஒரு தடம் 3.5 மீட்டர். போக ஒன்று, வர ஒன்று என்றால் 7 மீட்டர் தார். நகரச் சாலைகளில் ஒரு தடத்தை 3 மீட்டர் அளவுக்குச் சுருக்குவதும் உண்டு. அமெரிக்க நகரங்களின் போக்குவரத்து அதிகாரிகள் சங்கமான நாக்டோ ஒரு கணக்கு வெளியிட்டிருக்கிறது. 3 மீட்டர் தடத்தில் கார்கள் மட்டும் ஓடினால் ஒரு மணி நேரத்தில் கடக்கக்கூடியவர்கள் 600 முதல் 1,600 பேர். அதே அகலத்தைத் தடுப்பு வைத்த இருவழிச் சைக்கிள் பாதையாக மாற்றினால் 7,500 பேர் வரை கடக்கலாம். ஒரு காருக்குள் பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இதில் மாயம் ஒன்றும் இல்லை.

ஆனால் கடக்கலாம் என்பது வேறு, கடக்கிறார்கள் என்பது வேறு. பாதையை எடு என்பவர்கள் பிடித்துக்கொள்வது இந்த இடத்தைத்தான். டொராண்டோவில் பாதி வருடம் குளிர், பனி. அந்த மாதங்களில் சைக்கிள் பாதை காலியாகக் கிடக்க, பக்கத்தில் கார்கள் நகராமல் நிற்கின்றன. அதைத் தினமும் பார்ப்பவருக்கு எரிச்சல் வராமல் இருக்குமா? கடை வைத்திருப்பவர்கள், வாசலில் காரை நிறுத்த முடியாவிட்டால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார் என்று பயப்படுகிறார்கள். ஆம்புலன்ஸ் எப்படிப் போகும் என்று கேட்கிறார்கள். புறநகரில் குடியிருந்து தினமும் காரில் மட்டுமே வேலைக்குப் போக முடிகிறவர், நகரின் நடுவில் வசதியாக வாழ்பவர்களின் பொழுதுபோக்குக்கு என் நேரத்தை ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார். இந்தக் கடைசிக் கேள்வியில் வர்க்கக் கோபம் இருக்கிறது. அதை ஏளனம் செய்து ஒதுக்கும் சைக்கிள் ஆர்வலர்கள்மேல் எனக்கு அவ்வளவாக மரியாதை இல்லை.

இவற்றில் கடைக்காரர்களின் பயத்துக்கு மட்டும் ஓரளவு தெளிவான பதில் கிடைத்திருக்கிறது. டொராண்டோவின் புளூர் சாலையில் 2016-இல் சோதனையாகப் பாதை போட்டபோது முன்பும் பின்பும் ஆய்வு நடத்தினார்கள். வாடிக்கையாளர் வருகையும் செலவழித்த தொகையும் குறையவில்லை, கூடியிருந்தன. சைக்கிளில் வருகிறவர் ஒரே தடவையில் வண்டி நிறைய வாங்க மாட்டார். அடிக்கடி வந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவார். கீழக்கரை பஜாரில் கடை போட்டிருப்பவர்களுக்கு இதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

மையக் கேள்வி நெரிசல். பாதையை எடுத்து அந்தத் தடத்தைக் காருக்கே திருப்பித் தந்தால் நெரிசல் குறையுமா? குறையும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இடம் கூடினால் நெருக்கம் குறைய வேண்டும் அல்லவா? சாலைகள் இந்தக் கணக்குக்கு அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை.

இதற்கு நம் கண் முன்னாலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடிக்குச் சாலை இல்லை. முகுந்தராயர் சத்திரத்தோடு தார் முடிந்துவிடும். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் மணலிலும் தண்ணீரிலும் உருண்டு போகிற வேனில் ஏற வேண்டும். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்தது. அதுவரை வேனுக்குப் பயந்து வராமல் இருந்தவர்கள், நேரமில்லை என்று இராமேஸ்வரத்தோடு திரும்பியவர்கள், சாலை வந்துவிட்டது என்பதற்காகவே புதிதாகக் கிளம்பியவர்கள் எல்லாரும் காரெடுத்துக்கொண்டு வந்தார்கள். இன்று விடுமுறை நாளில் முனைக்குப் போய்ப் பாருங்கள், வண்டி திருப்ப இடம் இருக்காது. சாலை இல்லாத காலத்தில் அங்கே நெரிசலும் இல்லை. வசதி கூடினால் வருகிறவர்களும் கூடுவார்கள். போக்குவரத்துப் பொறியாளர்கள் இதைத் தூண்டப்பட்ட தேவை என்கிறார்கள். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஆண்டனி டவுன்ஸ் 1962-லேயே எழுதிவிட்ட சங்கதி இது: விரைவுச்சாலையை எவ்வளவு அகலப்படுத்தினாலும் உச்ச நேர நெரிசல் கொஞ்ச நாளில் பழைய அளவுக்கே திரும்பிவிடும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையை 2008-இல் இருபதுக்கும் மேற்பட்ட தடங்களாக விரித்தார்கள். சில ஆண்டுகளிலேயே உச்ச நேரப் பயணம் முன்பைவிட நீண்டுவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. நகரச் சாலையில் வண்டிகள் எங்கே நிற்கின்றன என்று கவனித்தால், பெரும்பாலும் சந்திப்புகளில், சிக்னலில், திரும்பும் இடத்தில், யாரோ ஓரமாக நிறுத்திவிட்டுப் போன காரின் பின்னால். நடுவழியில் எத்தனை தடம் இருந்தாலும் அடைப்பு முன்னால் இருந்தால் வரிசை அகலமாகுமே தவிர நகராது. பாம்பன் சாலைப் பாலத்தைப் பாருங்கள். 1988-இல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம், போக வர இரண்டே தடம். சாதாரண நாளில் தடையில்லாமல் கடக்கலாம். கீழே ரயில் வருகிறது என்று தெரிந்ததும் நாலு பேர் காரை ஓரம்கட்டிக் கைபேசியை நீட்டினால் பாலம் ஒரு தடமாகிவிடும். பின்னால் வருகிற அரசு பஸ்ஸுக்குள் வேலைக்குப் போகிறவர்கள் நிற்கிறார்கள். இந்த நெரிசலுக்குப் பாலத்தின் அகலத்தைக் குறை சொல்ல முடியாது.

இலண்டனின் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் 2020 இறுதியில் தற்காலிகமாகச் சைக்கிள் பாதை போட்டு, புகார்கள் வந்தன என்று ஏழே வாரத்தில் எடுத்துவிட்டார்கள். காலியான இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டவை நிறுத்தி வைத்த வண்டிகள். கார் ஓடுவதற்காக வாங்கிய இடத்தில் கார் தூங்கியது.

இனி டொராண்டோவுக்கு வரலாம். அங்கே இது முதல் தடவை அல்ல. ஜார்விஸ் சாலையில் 2010-இல் போட்ட பாதையை 2012-இல் அழித்தார்கள். அப்போது அழிக்க முடிவெடுத்தது நகர மன்றம். 2024 நவம்பரில் நிறைவேறிய சட்டத்தில் புதிது என்னவென்றால், நகரத்தின் தலைக்கு மேல் மாகாணம் கை வைத்தது. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் கார் ஓடும் தடத்தை எடுத்துச் சைக்கிள் பாதை போடுவதென்றால் மாகாண அரசின் அனுமதி வேண்டும் என்றது அந்தச் சட்டம். அதோடு புளூர், யங், யூனிவர்சிட்டி ஆகிய மூன்று முக்கியச் சாலைகளில் ஏற்கெனவே இருக்கும் சுமார் 19 கிலோமீட்டர் பாதையை எடுத்துக் கார்த்தடமாக மாற்றவும் அந்தச் சட்டம் வழி செய்தது. மாகாணத்தின் முதல்வரான பிரீமியர் டக் ஃபோர்டு முன்னின்றார். நகர மேயர் ஒலிவியா சோ எதிர்த்தார். எடுப்பதற்கே 4.8 கோடி டாலர் ஆகும் என்று நகர நிர்வாகம் மதிப்பிட்டது. போட்டதற்கு ஆனதைவிட இது அதிகம்.

சைக்கிள் அமைப்பினர் வழக்குப் போட்டார்கள். அரசின் தரப்பைக் கவிழ்த்தது எதிர்த்தரப்பு வாதத்தைவிட அரசின் சொந்தக் கோப்புகள்தான். அரசு கேட்டு வாங்கிய வல்லுநர் கருத்திலேயே, பாதையை எடுப்பதால் நெரிசல் குறையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, விபத்துகள் கூடும் என்று இருந்தது. 2025 ஜூலை 30 அன்று நீதிபதி பால் ஷாபாஸ் தீர்ப்புச் சொன்னார். கனடா உரிமைச் சாசனத்தின் ஏழாவது பிரிவு உயிர், சுதந்திரம், உடல் பாதுகாப்பு ஆகியவற்றைக் காக்கிறது. நம் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவுக்கு உறவுக்காரன் மாதிரி. பாதையை எடுப்பது அந்தப் பிரிவை மீறுகிறது என்பது தீர்ப்பு. மாகாண அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.

இந்தத் தீர்ப்பைப் பலர் தவறாகச் சுருக்குகிறார்கள். சைக்கிள் பாதை போட்டுத் தரச் சொல்வது குடிமகனின் அடிப்படை உரிமை என்று நீதிபதி சொல்லவில்லை. போடாமலே இருந்திருந்தால் இந்த வழக்கு நின்றிருக்காது. இருக்கும் ஒரு பாதுகாப்பை எடுத்தால் ஆட்கள் சாவார்கள், காயப்படுவார்கள் என்று தெரிகிறது. எதற்காக எடுக்கிறோமோ அந்த நோக்கம் நிறைவேறாது என்பதும் தெரிகிறது. தெரிந்தே எடுத்தால் அது தான்தோன்றித்தனம். அவர் பிடித்தது அந்த இடத்தில். கொடுப்பதற்கும் கொடுத்ததைப் பிடுங்குவதற்கும் சட்டத்தில் உள்ள இந்த வேறுபாடு விளங்கிவிட்டால் இந்த வழக்கு முழுக்க விளங்கிவிடும்.

நம் நாட்டில் இதே சண்டை வேறு உடையில் வந்தது. டெல்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்கு பஸ்ஸுக்குத் தனித்தடமும் ஓரத்தில் சைக்கிள் பாதையும் வைத்து 2008-இல் ஒரு சாலை திறந்தார்கள். கார்க்காரர்கள் கொதித்தார்கள். சைக்கிள் பாதைக்குள் மோட்டார் சைக்கிள்கள் புகுந்தன. வழக்குகள் நடந்தன. 2016-இல் அதை இடித்தே விட்டார்கள். கொல்கத்தா இன்னும் நேரடியாகப் போனது. 2013-இல் 174 சாலைகளில் சைக்கிளையே தடை செய்தது. ஒன்டாரியோ பாதையைத்தான் எடுக்கப் பார்த்தது. நாம் சைக்கிளையே எடுத்துவிடுவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்கு 45 வீட்டில் சைக்கிள் இருந்தது, கார் ஐந்துக்கும் குறைவான வீடுகளில். தடை போட்டவர்கள் எந்த ஐந்தில் இருந்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, நம் கடற்கரைக்கு வருவோம். இங்கே சைக்கிள் பாதை எது? வண்டி ஓடும் தாரின் விளிம்பில் ஒரு வெள்ளைக்கோடு போகிறதே, அதற்கு வெளியே இருக்கும் துண்டுதான். நெடுஞ்சாலைத் தரக்குறிப்புகளில் இருவழிச் சாலைக்கு இரண்டு பக்கமும் ஒன்றரை முதல் இரண்டரை மீட்டர் வரை தார் போட்ட ஓரம் விட வேண்டும் என்று இருக்கிறது. பழுதான வண்டியை ஒதுக்கவே அது வைத்திருக்கிறார்கள். ஆனால் நடைமுறையில் அதில் போகிறவர்கள் வேறு: வாலிநோக்கம் உப்பளத்துக்குப் போகிறவர்கள், கேரியரில் மீன்பெட்டி கட்டிய வயதானவர்கள் (இளவட்டம் எப்போதோ மொபெட்டுக்கு மாறிவிட்டது), அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டது நாடறிந்த கதை. சைக்கிளைக் கொடுப்பதிலும் கற்றுத் தருவதிலும் நம் மாநிலம் யாருக்கும் குறைந்ததில்லை. அதை எங்கே ஓட்டுவது என்று கேட்டால்தான் பதில் இல்லை.

அந்த ஓரத்தை ஒருநாள் காலையில் நடந்து பாருங்கள். ஒருபக்கம் சீமைக்கருவேலம் வெட்டாமல் விட்டதால் கோடுவரை சாய்ந்து நிற்கிறது, முள் வேறு தாரில் சிந்திக் கிடக்கிறது. கடலை ஒட்டிய இடங்களில் காற்று மணலைக் கொண்டுவந்து மெல்லிய படலமாகப் போர்த்தியிருக்கிறது. சைக்கிள் சக்கரம் அதில் திரும்பினால் வழுக்கும். மாசி, பங்குனியில் முண்டு மிளகாய் சிவப்பாகக் காய்கிறது, காயப்போட அவர்களுக்கும் வேறு களம் இல்லை. அடுத்து ஒரு டிப்பர் லாரி நிற்கிறது. ஆக மோசமானது விளிம்பு. ஒவ்வொரு தடவை புதுத்தார் போடும்போதும் சாலை கொஞ்சம் உயர்கிறது, பக்கத்து மண் உயர்வதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மண்ணும் கரைந்துவிடும். பிறகு தாருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு படி நிற்கும், சில இடங்களில் கையளவு உயரம். பின்னால் வரும் ஆம்னி பஸ் ஹாரன் அடித்ததும் பயந்து ஒதுங்குகிறவர் அந்தப் படியில்தான் முன்சக்கரத்தை இறக்குகிறார். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஹாரன்கூட வேண்டாம், லாரி கடந்து போகும்போது எழும் காற்றே தள்ளிவிடும்.

டொராண்டோவில் பாதையை எடுக்க ஒரு சட்டம் தேவைப்பட்டது, பத்திரிகைகள் எழுதின, நீதிபதி ஒருவர் உட்கார்ந்து கேட்டார். இங்கே முள்ளும் மணலும் டிப்பரும் எந்த அறிவிப்பும் இல்லாமல் பாதையை எடுத்துவிடுகின்றன. நம்மிடம் விவாதமே இல்லாததற்குக் காரணம், இது பாதை என்று யாரும் எழுதி வைக்காததுதான். இந்தியாவில் 2022-இல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825 பேர். கோவை எலும்பு மருத்துவர் இராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், நடைபாதை என்பது 21-ஆவது பிரிவின் கீழ் நடப்பவர்களின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. சைக்கிள்காரரைப் பற்றி அதே அழுத்தத்தோடு யாராவது கேட்டால்தான் பதில் வரும்.

அதற்காகத் தொண்டி முதல் சாயல்குடி வரை கான்கிரீட் தடுப்பு வைத்துச் சைக்கிள் பாதை போடு என்று நான் கேட்க மாட்டேன். பணம் விரயம். நிழல் இல்லாத இடத்தில் சித்திரை வெயிலில் அதில் ஆடுகள் படுத்திருக்கும், மோட்டார் சைக்கிள்கள் எதிர்த்திசையில் வரும். ஊர்களுக்கு நடுவே இரண்டரை மீட்டர் தார் ஓரம், படி இல்லாமல், முள் இல்லாமல் இருந்தால் போதும். ஊருக்குள் வேகத்தைக் குறைக்க வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியின் மோதும் ஆற்றல், 30-இல் வருவதைப்போல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. பள்ளிக்கூடம் உள்ள ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மட்டும் தடுப்பு வைத்த பாதை கேட்கலாம், அது நியாயமான கோரிக்கை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எடுக்க வேண்டிய சைக்கிள் பாதைகளும் உலகத்தில் உண்டு. சாக்கடை மூடிகளின் மேல் ஓடுவது, சந்திப்புக்குப் பத்து மீட்டர் முன்னால் திடீரென்று முடிந்துபோவது, நிறுத்திய கார்களின் கதவு திறந்தால் முகத்தில் அடிக்கிற அளவுக்கு ஒட்டிப் போடுவது. இவை இருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல். பக்கத்துத் தெருவில் நல்ல பாதை போட்டுவிட்டுப் பெரிய சாலையில் இருப்பதை எடுப்பதும் தவறில்லை, அந்தத் தெரு சுற்றாமல் அதே இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்குமானால். ஆகவே எங்கேயாவது பாதையை எடு என்று குரல் கேட்டால் உடனே கட்சி கட்ட வேண்டாம். எண்ணியது வண்டிகளையா ஆட்களையா என்று கேளுங்கள். அடைப்பு உண்மையில் எந்த இடத்தில் என்று கேளுங்கள். எடுத்த இடத்தில் கார் ஓடுமா, நிற்குமா என்று கேளுங்கள். நேற்றுவரை அதில் போன ஆள் நாளைக்கு எதில் போவார் என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால் மற்ற பதில்களை நான் நம்ப மாட்டேன்.

நம் ஊரில் கேட்பதற்கு இடமும் இருக்கிறது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சாலை அகலப்படுத்தும் வேலை ஏதாவது வருகிறது என்றால் அதன் குறுக்குவெட்டு வரைபடத்தைக் கேட்டு வாங்கலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்தான் விண்ணப்பக் கட்டணம். வரைபடத்தில் நடுக்கோட்டையும் தடங்களையும் விட்டுவிட்டு நேராக இரண்டு ஓரங்களுக்கும் போய்விடுங்கள். வெள்ளைக்கோட்டிலிருந்து தார் முடியும் இடம் வரை எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். அந்த எண்ணைத் தீர்மானத்தில் எழுத வையுங்கள். வேலை முடிந்ததும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள்.